துவக்குக்கு வைத்த சந்தனம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து முதல் கொப்பி வாங்கி ஆறு வருடமாகிறது. அதில் ஒரு வரி எழுதிவிட்டு மூடினேன். அந்தக் கொப்பி பிறகு மகளின் ரியூசனுக்குப் போனது. இரண்டாவது கொப்பியில் அரைப் பக்கம் எழுதிக் கிழித்தேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்து லேசில் வராது. ஆனால் தயங்கியது அதனால் மட்டும் அல்ல. துவக்கு, அதுதான் துப்பாக்கி, என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பக்காரன் தன் கையால் எழுதப் போனால் பேனை கொஞ்சம் நிற்கத்தான் செய்யும். அதையும் தாண்டி இன்னொரு காரணம் இருந்தது. இந்த விசயத்தில் ஊர் என்னைப் பற்றிச் சொன்ன கதை எனக்கு நல்லதாக இருந்தது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தென்மராட்சிப் பக்கம் இருப்பவர்கள் அந்தக் கதையை ஏதோ ஒரு விதத்தில் கேட்டிருப்பீர்கள். கேட்டதை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதை வாசியுங்கள்.

எங்களுடைய வளவு சாவகச்சேரியிலிருந்து உள்ளே போகும் ஊரொன்றில் இருக்கிறது. மனைவியின் சீதனக் காணி. தென்னையும் நாலு பலாவும் கிணற்றடியைச் சுற்றிக் கதலி வாழையும். சண்டையில் தலை போன தென்னைகளைத் தறித்து, அந்த இடங்களில் நாங்கள் இரண்டு பேரும் குழி வெட்டிப் பிள்ளை வைத்து, வாளியால் தண்ணீர் ஊற்றி வளர்த்தோம். அவை காய்க்கத் தொடங்கிய காலத்தில்தான் குரங்குகள் வந்தன. முன்பும் வந்தவைதான், ஆனால் இருபது முப்பதாகச் சேர்ந்து வந்ததில்லை. தென்னங்குரும்பட்டியைப் பிடுங்கி ஒரு கடி கடித்துவிட்டு எறியும். வாழைக் குலையை முற்ற விடாது. பலாப்பிஞ்சைக் கிள்ளித் தரையில் பரப்பிவிட்டுப் போகும். தின்றால் கூடப் பரவாயில்லை, விளையாடிவிட்டுப் போகும்.

அந்த வருடம் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் எங்கள் காணியைத் துண்டு துண்டாகப் பிரித்து வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டார். மனைவி முன்பென்றால் அப்படிக் கேட்டவருக்குத் தேத்தண்ணி கூடக் கொடுத்திருக்கமாட்டா. இந்த முறை, யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லி அனுப்பினா. அதுதான் என்னை உலுப்பியது. இன்னும் ஒரு வருடம் குரங்கு இப்படி அழித்தால் அந்தக் காணி எங்கள் கையில் இராது என்று எனக்கு விளங்கியது.

பட்டாசு கொளுத்திப் பார்த்தேன். நாய் வளர்த்தேன். பழைய சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டேன். நாயின் காதைப் பிடித்து இழுத்துவிட்டுப் போகிற சாதி அது. துவக்குச் சத்தத்துக்குத்தான் பயப்படும் என்று கமநல சேவை நிலையத்தில் உரத்துக்கு வரிசையில் நின்ற ஒருவர் சொன்னார். பயிர் அழிவுக்கு அனுமதிப் பத்திரம் எடுக்கலாமாம். கேட்கும்போது சுகமாக இருந்தது.

துவக்கு எங்கே விற்கும், என்ன விலை, என்னென்ன வகை என்று எனக்கு ஒன்றும் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் தொடங்கினால் யாரிடம் கேட்பது? சாவகச்சேரியில் நான் வழக்கமாக ஆணி வாங்கும் இரும்புக் கடைக்குப் போய், ஆணி கேட்கிற குரலில், இங்கே துவக்கு வாங்கலாமோ என்று கேட்டுவிட்டேன். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சாமான் வாங்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலாளி என்னைக் கையில் பிடித்து, அடுக்கி வைத்த கூரைத் தகடுகளுக்குப் பின்னால் கூட்டிப்போய் இருத்தினார்.

“ஐயா, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?” என்று கேட்டார். “எதெண்டாலும் கதைச்சுத் தீர்க்கலாம்.”

குரங்குக்கு என்று சொன்னபிறகுதான் மூச்சு விட்டார். பிளேன்ரீ எடுப்பித்துத் தந்து, இனி அந்தச் சொல்லைக் கடைத்தெருவில் சத்தமாகச் சொல்லவேண்டாம் என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

அந்தப் பிளேன்ரீயின் கதை சந்தையில் பரவியிருக்கவேண்டும். அடுத்த கிழமை, குரங்குக்குத் தப்பின வாழைக்குலையை விற்கப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒருவன் வந்து, தண்ணீர்க் குழாயில் துவக்குச் செய்து தருகிறேன், பத்திரம் ஒன்றும் வேண்டாம் என்றான். அவன் சொன்ன விலை நாலு குலைக்கு மேல் வராது. இரண்டு நாள் எனக்கு அந்த விலைதான் மனதில் ஓடியது. மூன்றாம் நாள் பக்கத்து வளவு அண்ணையிடம் சொன்னேன்.

இந்த அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்களுக்கும் அவருக்கும் இடையில் ஒரு கதியால் வேலி, அதில் ஆள் நுழைந்து போகிற ஒரு கண்டாயம். அவருக்குப் பதினொரு ஆடுகள். எங்கள் பலாக்களின் குழைதான் அந்த ஆடுகளுக்குச் சாப்பாடு. கேட்டு எடுக்கிற வழக்கமெல்லாம் இல்லை. விடிய வருவார், ஏறுவார், ஒடிப்பார், போவார். தகப்பன் வன்னியில் வயல் செய்த காலத்தில் துவக்கு வைத்திருந்தவர் என்பதால் அண்ணைக்கு அது தெரியும். நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

“உது குரங்கைச் சுடாது, தம்பி. முதல் உன்ரை மூஞ்சையைச் சுடும். மிச்சத்தைப் பொலிஸ் வந்து பாத்துக்கொள்ளும். எடுக்கிறதெண்டால் பத்திரத்தோடை எடு, இல்லாட்டிக் காணியை வித்துப்போட்டுப் பேசாமல் இரு.”

தோட்டா போடும் புதுத் துவக்கின் விலையை அவர் சொன்னபோது, அந்தக் காசுக்கு ஒரு சோடி உழவு மாடு வாங்கலாம் என்று நினைத்தேன். பிறகுதான் இடியன் என்று ஒன்று இருப்பதைச் சொன்னார். வாய்ப் பக்கத்தால் வெடிமருந்தைப் போட்டு, தடியால் இடித்து நிரப்பிச் சுடுகிற பழைய வகை. கையில் இருப்பவர்கள் சிலர் விட்டுவிட நினைக்கிறார்கள், விலையும் குறைவு. நான் கேட்டது ஒரு கேள்விதான்: அதில் சன்னம் என்கிற ஈயக்குண்டுகளைப் போடாமல் வெறும் மருந்தை மட்டும் போட்டு வெடிக்கலாமோ?

“வெடிக்கலாம். சத்தம் மட்டும் வரும். ஒருத்தரும் சாகார், குரங்கும் சாகாது.”

அப்படியென்றால் அதுதான் எனக்கு வேண்டும் என்றேன். எங்கள் வீட்டில் முட்டை கூட அவிப்பதில்லை. அனுமார் குலம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த உயிரை நான் சுடுவேனோ? ஏழைக்கு ஏற்ற விலையும் பாவமில்லாத வேலையும் ஒரே சாமானில் கிடைத்ததைப் பிள்ளையாரின் அருள் என்று நினைத்தேன்.

மனைவி அப்படி நினைக்கவில்லை. அடுத்த நாள் கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னா: “அவ்வளவு காலமும் எல்லாற்றை கையிலும் அது இருந்தது. எங்கடை வீட்டுக்கை வரேல்லை. இப்ப நீங்களாப் போய்க் கூட்டிக்கொண்டு வாறியளோ?” காணியைக் கொடுத்துவிடுவோமா என்று மட்டும் கேட்டேன். துருவுபலகையில் இருந்து எழும்பாமல் அழுதா. பிறகு ஒரு நிபந்தனை வைத்தா. வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். தட்டில் கற்பூரம் கொளுத்தி, நான் உள்ளங்கையால் அதை அணைத்து, சத்தத்துக்கு மட்டும்தான், சன்னம் போடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். கை சுட்டது. அவ பக்கத்தில் நின்று பார்த்தா.

அதன்பிறகு கடுதாசிகள். கிராம சேவகரின் கடிதம், கமநல சேவை நிலையத்தின் கடிதம், பொலிஸ் அறிக்கை, பிரதேச செயலகம், மாவட்டக் கச்சேரி. ஒன்றைக் கொண்டு போனால் மற்றதைக் கேட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தேன். கடைசியாக ஓர் அதிகாரி என்னை இருத்தி, இதற்கு முன் துவக்குப் பாவித்திருக்கிறீரா என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு என்ன சொன்னாலும் ஆபத்து.

“இல்லை, சேர். காய் பிடுங்கிற கொக்கத்தடிதான் பாவிச்சிருக்கிறன்,” என்றேன்.

அவர் குனிந்து எழுதிக்கொண்டே சிரித்தார். பத்திரம் கிடைக்கும் என்று அப்போதே தெரிந்தது.

துவக்கும் அந்த அலைச்சலிலேயே கிடைத்தது. ஓய்வு பெற்ற ஒரு ரீச்சரம்மாவின் கணவர் கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்து, பன்றிக்கென்று பத்திரத்தோடு ஓர் இடியன் வைத்திருந்தாராம். அவர் காலமான பின் அதை யாருக்காவது முறைப்படி மாற்றவேண்டும், இல்லாவிட்டால் அரசாங்கத்திடம் ஒப்படைக்கவேண்டும். கமநல சேவை நிலையத்தில் இருந்த கிளாக்கர் சொல்லி, சைக்கிளில் போனேன். சாவகச்சேரிக்குக் கிட்ட, தேவாலயத்துக்கு இரண்டு வீடு தள்ளி.

ரீச்சரம்மா துவக்கை அலுமாரியில் சேலைகளுக்குப் பின்னால் வைத்திருந்தா. வெளியே எடுத்தபோது பூச்சிமாத்திரை மணம் வந்தது. நான் மரத்தையும் இரும்பையும் தடவிப் பார்த்தேன். என்ன பார்க்கவேண்டும் என்று தெரியாதபடியால், மாடு வாங்கப் போனவன் போலத் தட்டியும் பார்த்தேன். ஒரு நாம்பன் கன்று வாங்குகிற காசு கேட்டா. அதிலும் குறைத்தா. ஆனால் கையில் தருவதற்கு முதல், ஒருக்கால் செபிக்கவேண்டும் என்றா. நான் எழும்பிக் கைகூப்பி நின்றேன்.

“ஆண்டவரே, இதனால் ஒரு மனுசருக்கும் கேடு வரக்கூடாது. இதைக் கொண்டுபோகிற தம்பியின் கையைக் காத்தருளும்.”

அவ ஆமென் என்றா. என் வாயில் சிவசிவ என்று வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

பத்திரத்தில் பதிந்த மிச்சச் சாமான்களையும் சேர்த்தே தந்தா. அடிக்கும்போது பொறி தருகிற சின்னக் கேப்புகள் ஒரு பெட்டி, சன்னம் ஒரு சின்னத் தகரப் பேணி. சன்னம் வேண்டாம் என்றேன். எழுத்தில் இருப்பதால் என்னால் வைத்திருக்க ஏலாது, தம்பி, என்றா. கொண்டுவந்து மாட்டுக்கொட்டிலின் கூரை வளையில், யாருக்கும் எட்டாத இடத்தில் வைத்தேன். அன்றே அதைத் திருப்பி ஒப்படைத்திருக்கவேண்டும். வைத்தேன்.

கச்சேரியில் பெயர் மாற்றிய பின் ஒரு நாள் அண்ணை வந்து காட்டித் தந்தார். முதல் வெடியில் நான் கண்ணை மூடிவிட்டேன். குரங்குகள் ஒரு நொடியில் மறைந்துவிட்டன. ஆனால் எங்கள் சின்னத் தெரு, அந்த ஒழுங்கை முழுக்க ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். மூன்றாம் வீட்டு அம்மா கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்திருந்தாவாம். அன்று பின்னேரம் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வெடிக்க முதல் பழைய தகரத்தில் மூன்று தரம் அடிப்பேன். அதைக் கேட்டால் ஒழுங்கையில் எல்லோருக்கும் விளங்கும், இது குரங்குக்கு என்று. அண்ணையும் பலாவில் ஏறி நின்றால் அந்த நேரம், “பொறு, பொறு, நான் இஞ்சை நிக்கிறன்,” என்று சத்தம் போடுவார்.

இரண்டு மாதம் நிம்மதி. வாழைக்குலை முற்றியது. மனைவி ஒரு குலையை முழுதாகக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்தா. காணி கேட்டவருக்கு, இல்லை என்று சொல்லி அனுப்பினோம்.

பிறகு குரங்குகளுக்கு விளங்கிவிட்டது. தகரம் அடித்தால் கதியால் வேலி வரை போய் இருக்கும். வெடித்தால் ஒருமுறை துள்ளும். பிறகு திரும்பி வரும். அதில் பெரிய கடுவன் ஒன்று, முதுகில் மயிர் போனது, போவதே இல்லை. நான் வெடித்து முடியும்வரை தென்னை மட்டையில் இருந்து நெஞ்சைச் சொறிந்துகொண்டு பார்க்கும்.

அந்த நேரம் நவராத்திரி வந்தது. ஒன்பதாம் நாள் ஆயுத பூசைக்கு மண்வெட்டி, கத்தி, கொக்கச் சத்தகம், சைக்கிள், தண்ணீர் மெசின் எல்லாம் கழுவி, சாமியறை வாசலில் வைத்து, திருநீறு பூசிச் சந்தனமும் குங்குமமும் வைப்பது எங்கள் வழக்கம். அந்த வருடம் துவக்கும் அந்த வரிசையில் இருந்தது. எங்களுக்காக உழைக்கிற சாமானை விட்டுவிடலாமோ? வெறும் துவக்குத்தானா என்று இரண்டு தரம் பார்த்தேன். சந்தனத்தை நானே கல்லில் உரைத்தேன், நல்ல கட்டியாக. மண்வெட்டிக்குத் தகட்டிலும், சைக்கிளுக்குக் கைபிடியிலும் வைத்தேன். துவக்குக்கு எங்கே வைப்பது? ஆளென்றால் நெற்றி இருக்கும். பார்த்தேன், விசையை இழுத்தால் வந்து அடிக்கிற சுத்தியலுக்குக் கீழே சின்னதாக ஒரு முளை எழும்பி நின்றது. பொட்டு வைக்க அளவான இடம். அதுதான் நெற்றி என்று எனக்குத் தோன்றியது. அதன்மேல் தடிப்பாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். அந்த முளையில் ஊசி போகிற அளவு ஒரு துவாரம் இருக்கிறது, கேப்பின் நெருப்பு அதற்குள்ளால்தான் மருந்துக்குப் போகவேண்டும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரம் நினைவில் வரவில்லை. வெடிக்கிற சாமான் என்ற நினைப்பே அப்போது இல்லை. பூசையில் இருந்தது அது.

விசயதசமி முடிந்து, மேலே காய்ந்ததைத் துணியால் துடைத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் காலமை கிணற்றடிக்குப் போனேன். வாழை எல்லாம் சாய்ந்து கிடந்தது. ஒன்றிரண்டு அல்ல. குலை வந்தவை, பொத்தி விட்டவை, கன்றுகள் எல்லாம். அந்தக் கடுவன் சாய்ந்த ஒரு வாழையின்மேல் இருந்து குருத்தை உரித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தது, உரித்தது. எனக்கு என்ன வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கோபம் என்று சொன்னால் கோபத்துக்கு ஒரு நியாயம் வந்துவிடும். நான் கொட்டிலுக்குப் போனேன். ஏணி வைத்து ஏறி, வளையில் இருந்த பேணியை எடுத்தேன். மருந்தைப் போட்டு இடித்தேன். அதன்மேல் சன்னம் போட்டு இடித்தேன். அவசரப்படாமல் முளையில் கேப்பையும் வைத்தேன். அதைத்தான் நான் பிறகு பல நாள் நினைத்தேன்.

தகரம் சுவரோரம் இருந்தது. பார்த்தேன். அடித்தால் ஓடிவிடும் என்று நினைத்து, அடிக்காமல் போனேன்.

கடுவன் என்னைக் கண்டு பலாப் பக்கம் பாய்ந்தது. பின்னால் போனேன். கிழக்குப் பலாவில், உயரத்தில், இலைக்குள் ஒரு கொப்பு ஆடியது. மண்ணிறமாக ஏதோ அசைந்தது. நான் துவக்கைத் தூக்கி, குறி வைத்து, விசையை இழுத்தேன். சுத்தியல் விழுந்தது. கேப்பு ‘டிக்’ என்றது. அவ்வளவுதான். வெடிக்கவில்லை.

மேலே இருந்து கொப்பொன்று ஒடிந்து விழுந்தது. அதோடு மேலேயிருந்தே குரலும் வந்தது.

“என்னடாப்பா, என்னைக் குரங்கெண்டு நினைச்சிட்டியோ?”

மண்ணிறச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணை கொப்பில் இருந்தார். கையில் குழை. என் துவக்கின் வாய் அவருக்கு நேரே இருந்தது. நான் அதை நிலத்தை நோக்கித் தாழ்த்தினேன்.

அவர் இறங்கி வந்து, என் தோளில் தட்டி, வெளிறிப்போய் இருக்கிறாய் என்று தண்ணீர் எடுத்துத் தந்தார். தகரம் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டார். மறந்துபோனேன் என்றேன். வெறும் மருந்துதானே என்றார். ஓம் என்றேன். இந்த இரண்டு பொய்யும் இரண்டு மூச்சுக்குள் சொன்னவை. பிறகு அவர் துவக்கை வாங்கிப் பார்த்து, ஊசி கொண்டுவரச் சொல்லி, அந்த முளையின் துவாரத்தைக் குத்தினார். காய்ந்த சந்தனம் கல் மாதிரிப் பொடியாக வந்தது, நுனியில் கொஞ்சம் குங்குமச் சிவப்போடு. அண்ணை அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஆயுத பூசைச் சந்தனம், தம்பி. தாய் காப்பாத்திப் போட்டாள். வெறும் மருந்தெண்டாலும் கிட்டத்திலை கண்ணுக்கு ஆபத்துத்தானே.”

குழாய்க்குள் தண்ணீர் விட்டு மருந்தை நனைத்துக் கழுவச் சொல்லிவிட்டுக் குழையையும் தூக்கிக்கொண்டு போனார். நான் வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வாளிக்குள் கவிழ்த்துக் கழுவினேன். கறுத்த தண்ணீரோடு சன்னங்கள் வந்து வாளியின் அடியில் உருண்டு கூடின. தலையை நிமிர்த்தினேன். மனைவி குசினி வாசலில் நின்றா. வாளியைப் பார்த்தா. என் உள்ளங்கையைப் பார்த்தா. உள்ளே போய்விட்டா. இரவு சாப்பாடு போட்டுத் தந்தா. அதைப் பற்றி அவ பிறகு என்னோடு கதைத்ததே ஒரு தரம்தான்.

ஆனால் அண்ணை கதைத்தார். கோயிலில் கதைத்தார், தேத்தண்ணிக் கடையில் கதைத்தார், சந்தையில் கதைத்தார். பஸ் ஓட்டின மனிசன், ஆருக்கும் கேட்கிற குரல். அவர் சொன்னது அவருக்குத் தெரிந்த அளவில் உண்மை. கேட்டவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். விசையே அசையவில்லை என்றார்கள் சிலர். துவக்கிலிருந்து சந்தன மணம் வந்ததாம். இன்னும் சிலர் இலைக்குள் ஒரு வெள்ளைச் சேலையைக் கண்டதாகச் சொன்னார்கள். என்னைப் பார்த்தால் எழும்பி இடம் தந்தார்கள். எங்கடை ஊரில் பக்தியான மனிசன் என்றார்கள். நான் மறுக்கவில்லை. தலையை ஆட்டவும் இல்லை, ஆட்டாமல் விடவும் இல்லை.

ஒரு நாள் கொடிகாமத்திலிருந்து ஒரு தாய் வந்தா. வலிப்பு வருகிற பிள்ளை. அந்தத் துவக்கின் சந்தனத்தில் ஒரு துளி இருந்தால் தாருங்கோ என்று கேட்டா. நான் உள்ளே போய்ச் சாமியறையில் நின்றேன். மடித்து வைத்திருந்த கடுதாசியில் அண்ணை சேர்த்து வைத்துத் தந்த அந்தப் பொடி இருந்தது. எடுக்கவில்லை. கோயில் திருநீற்றைக் கொடுத்து அனுப்பினேன். அவ அதை என்னவென்று நினைத்துக் கொண்டு போனா என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு இப்போது எப்படி என்று தெரியாது. அன்று இரவு மனைவி சொன்னா:

“கற்பூரத்துக்குச் செய்த பிழை பிள்ளையாருக்கும் உங்களுக்கும் இடையிலை. இது அப்பிடி இல்லை. இது பிள்ளைக்கு எண்டு கேட்டு வந்த அந்தப் பெட்டைக்குச் செய்த பிழை.”

அடுத்த கிழமையே துவக்கைப் பத்திரத்தோடு கொண்டுபோய் ஒப்படைத்தேன். கண் பார்வை குறைவு என்று காரணம் எழுதினேன். அதுவும் முழுப் பொய் இல்லை. காணி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. விளைவதில் பாதியைக் குரங்கு கொண்டு போகிறது. தகரம் அடிக்கிறேன். மிச்சத்தில் சீவிக்கிறோம். சீவிக்க முடியும் என்பதை அப்போதே அறிந்திருக்கலாம்.

ஆறு வருடம் இப்படிப் போனது. இந்த வருடம் நவராத்திரிக்கு ஒரு கிழமை முன்னால், அண்ணையின் வளவுக்குப் போனேன். குழையைக் கட்டுக் கட்டாகக் கட்டி ஆடுகளுக்குத் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் தன்பாட்டில் கட்ட, நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஏணி, பேணி, தகரம், வாளி. அவர் கட்டுவதை நிறுத்தவில்லை. கடைசிக் கட்டையும் தூக்கியபின் கேட்டார்.

“எவ்வளவு சன்னம் போட்டனீ?”

“ஒரு பிடி, அண்ணை.”

“நான் எண்டு தெரிஞ்சோ?”

“இல்லை, அண்ணை. குரங்கெண்டுதான்.”

“தகரம் அடிக்காதப்பவே எனக்கு ஒரு மாதிரித்தான் கிடந்தது,” என்றார். “நான்தான் கேக்க வேண்டாமெண்டு விட்டனான்.”

ஓர் ஆட்டின் கழுத்தைத் தடவினார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

“ஆறு வருசமா நான் எத்தினை பேருக்குச் சாட்சி சொன்னனான் தெரியுமே? சாமி முன்னாலை நிண்டும் சொன்னனான். என்னைப் பொய்யனாக்கிப் போட்டாய், தம்பி. சாகக்கிடந்ததை நான் பொறுப்பன். இதை எப்பிடிப் பொறுக்கிறது?”

நான் அவருடைய காலைத் தொடப் போனேன். விலகிக்கொண்டார்.

“கால் வேண்டாம். நான் இனி ஒவ்வொரு வீடா ஏறி இறங்கி மாத்திச் சொல்ல ஏலாது. வயசு போட்டுது. நீ எழுது. உன்ரை கையாலை எழுது.”

அதனால்தான் இதை எழுதுகிறேன். அண்ணை இப்போதும் குழை ஒடிக்க வருகிறார். வராமல் விட்டால் என்ன செய்வது என்று பயந்திருந்தேன், வந்தார். ஆனால் கண்டாயத்தடியில் நின்று, “தம்பி, நான் வாறன்,” என்று ஒருமுறை குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே காலை வைக்கிறார். எங்கள் வீட்டில் துவக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். நான் ஒவ்வொரு முறையும் வெளியே வந்து, வாங்கோ அண்ணை என்கிறேன்.

யார் காப்பாற்றியது என்று என்னைக் கேட்காதீர்கள். சரசுவதி என்றால் நான் கும்பிடுவேன். ரீச்சரம்மாவின் செபம் என்றாலும் கும்பிடுவேன். காப்பாற்றப்பட்டது அண்ணையின் உயிர் மட்டும் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சந்தனத்தை வைத்த கை பக்தியான கை என்று மட்டும் சொல்லவேண்டாம். அதே கை மூன்று நாள் கழித்துச் சன்னம் போட்டது.

இதை வாசிக்கிறவர்கள் விருப்பமென்றால் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், வாசித்துக் காட்டுங்கள். அண்ணை கேட்டதும் அதுதான். சொல்லும்போது கோபத்தை என் பக்கத்து நியாயமாகச் சேர்க்கவேண்டாம், வெள்ளைச் சேலையைச் சேர்க்கவேண்டாம், தகரத்தையும் வாளியையும் விடவேண்டாம். கொடிகாமத்துத் தாயைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், நான் தந்தது பிள்ளையார் கோயில் திருநீறு என்று அவவுக்குச் சொல்லிவிடுங்கள். எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். அண்ணை உங்களிடம் முன்பு வேறு மாதிரிச் சொல்லியிருந்தால், அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குச் சொல்லப்பட்டதைத்தான் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.